டீப் கிளீனிங் தொழில் தொடங்கியாச்சு, கஸ்டமர் வரவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

"கஸ்டமரே வர மாட்டேங்கிறாங்க" என்று டீப் கிளீனிங், அதாவது இண்டு இடுக்கு விடாமல் வீடு சுத்தம் செய்யும் தொழிலில் புதிதாக இறங்கியவர்கள் சொல்லும்போது, அதற்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கும். ஒருவருக்கு போனே வராது. இன்னொருவருக்கு போன் வந்தபடி இருக்கும், விலையைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். வேறொருவருக்கு வேலை ஓடும், ஆனால் ஒரு தடவை செய்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வராது. மூவருமே கடைசியில் செய்வது, விளம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் பணம் போடுவது. அதனால் பலன் பெறக்கூடியவர் முதல் ஆள் மட்டும்தான், அவருக்கும் நிச்சயமில்லை.

நான் சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். வேளச்சேரி, மேடவாக்கம், துரைப்பாக்கம், நாவலூர் என்று அடுக்குமாடிகள் நெருக்கமாக உள்ள பகுதிகள். கோவை, திருச்சிக்காரர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எதையும் சரிசெய்வதற்கு முன் ஒரு நோட்டுப் போடுங்கள். வருகிற ஒவ்வொரு விசாரிப்புக்கும் ஒரு வரி: எந்தப் பகுதி, நம்பர் எங்கே கிடைத்தது, என்ன வேலை கேட்டார், என்ன விலை சொன்னீர்கள், என்ன ஆயிற்று. ஒரு மாதம் எழுதினால் எந்த இடத்தில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்த இடத்துக்கான பகுதியை மட்டும் கீழே படித்தால் போதும்.

அறிகுறி 1: போனே வரவில்லை

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் விற்கும் பொருள். நோட்டீசில் "வீடு சுத்தம் செய்து தரப்படும்" என்று மட்டும் போட்டிருந்தால், உங்களுக்குப் போட்டி ஆப் வைத்திருக்கும் பெரிய கம்பெனி இல்லை. தினமும் காலையில் வந்து கூட்டிப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போகும் அக்காதான் போட்டி. அவர் வாங்கும் மாதச் சம்பளத்துக்கும், அந்த வீட்டில் அவருக்கு இருக்கும் நம்பிக்கைக்கும் பக்கத்தில்கூட நீங்கள் போக முடியாது. போகவும் வேண்டாம். அந்த அக்கா தொடாத வேலைகள் எவை என்று பாருங்கள்: சீலிங் ஃபேன், ஒட்டடை, பரண், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன், சிம்னியின் எண்ணெய்ப் பிசுக்கு, ஜன்னல் தண்டவாளத்து மண், கொசுவலை, போர் தண்ணீரால் பாத்ரூம் டைல்ஸிலும் குழாய்களிலும் படிந்த உப்புக் கறை. இந்தப் பட்டியல்தான் உங்கள் நோட்டீஸ். "உப்புக் கறை போகலையா?" என்று கேட்கும் ஒரு வரி, "தரமான சேவை, நியாயமான விலை" என்ற வரியைவிட ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதி) நிச்சயம் அதிகம் பேசும். அங்கே பாதி வீடுகளின் ஷவரில் நான்கு துளை அடைத்திருக்கும்.

அடுத்தது கூகுள் மேப்ஸ். அதில் உங்கள் தொழிலைக் காட்டும் பிசினஸ் புரொஃபைல் இலவசம். கடை இல்லாமல் வீட்டிலிருந்தே நடத்துபவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டலாம். இருபது பகுதிகள் வரை சேர்க்க முடியும். ஆனால் தாம்பரம் முதல் திருவொற்றியூர் வரை எல்லாவற்றையும் சேர்த்தால் எல்லா இடத்திலும் மேலே வந்துவிடுவீர்கள் என்று நினைக்காதீர்கள். தேடுபவருக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தையும் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வகை கேட்கும் இடத்தில் வீடு சுத்தம் செய்யும் சேவை என்பதையே முதன்மையாகத் தேர்ந்தெடுங்கள். தொழிலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பெஸ்ட் டீப் கிளீனிங் சென்னை வேளச்சேரி" என்று திணிப்பது விதிமீறல். புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள், மீட்பதற்குள் சீசன் போய்விடும். சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். மெஷின், பெயர் அச்சிட்ட டி-ஷர்ட், உத்யம் சான்றிதழ் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எடுங்கள். உத்யம் பதிவும் இலவசம்தான், அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் இடைத்தரகர்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் போன் வரவில்லை என்றால், கஸ்டமரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, கஸ்டமருக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குள் போய்விட்டவர்களைத் தேடுங்கள். என் கணக்கில் இந்தத் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெயின்டர் வேலை முடித்துவிட்டுப் போகும்போது தரையெல்லாம் பெயின்ட் சொட்டு. மாடுலர் கிச்சன் போட்ட தச்சர் போகும்போது வீடு முழுக்க மரத்தூள். வீட்டு புரோக்கர் சாவியை வாங்கும்போது பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன கோலம். இந்த மூவருக்கும் "இதை யார் சுத்தம் பண்ணுவாங்க?" என்ற கேள்வி வாரம் தவறாமல் வருகிறது. கேள்வி வரும் நேரத்தில் உங்கள் நம்பர் அவர்கள் போனில் இருக்க வேண்டும். அவர்கள் மூலம் வந்த வேலை முடிந்த அன்றே அவர்களுக்குரிய கமிஷனைக் கொடுத்துவிடுங்கள். "அடுத்த வேலையோட சேர்த்துத் தரேண்ணே" என்று ஒருமுறை சொன்னால் அந்த அண்ணன் அடுத்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

புதிதாகச் சாவி கொடுக்கும் அடுக்குமாடி ஏதாவது உங்கள் பக்கம் இருந்தால் அங்கே போய் உட்காருங்கள். ஒரே வளாகத்தில், ஒரே காலத்தில், பல வீடுகளில் கிரகப்பிரவேசத்துக்கு முன் சிமென்ட் கறை எடுக்க வேண்டியிருக்கும். நிர்வாகிகளிடம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை ஸ்டால் போட இடம் தருவார்கள், பெரும்பாலும் கட்டணம் உண்டு. வெறும் துண்டறிக்கையோடு உட்காராதீர்கள். உப்புப் படிந்த ஒரு பழைய டைலை எடுத்துப்போய் பாதியை மட்டும் தேய்த்துக் காட்டுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று: நம்பர் பட்டியலை விலைக்கு வாங்கி வரிசையாகக் கூப்பிடுவது. பதிவு இல்லாமல் சாதாரண மொபைல் எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு செய்வது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளுக்கு விரோதம். 1909 என்ற புகார் எண்ணுக்குப் புகார் போனால் இணைப்பே துண்டிக்கப்படலாம். அதற்கு முன்பே, அழைப்பவர் யார் என்று காட்டும் ட்ரூகாலர் ஆப்பில் உங்கள் எண் சிவப்பாகிவிடும். அப்புறம் உண்மையான கஸ்டமருக்குத் திருப்பிக் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார்.

அறிகுறி 2: போன் வருகிறது, ஆனால் எல்லாம் வேண்டாத போன்

கூகுள் விளம்பரம் போட்டவர்களுக்கு இது சகஜம். பாதிப் பேர் "கிளீனிங் வேலை இருக்கா சார், சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பார்கள். மீதிப் பேர் மாப், லிக்விட் விற்பீர்களா என்பார்கள். விளம்பரக் கணக்கில், எந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் காட்ட வேண்டாம் என்று சொல்லும் நெகட்டிவ் கீவேர்ட் பகுதியில் ஜாப், சேலரி, வேகன்சி, மெஷின், லிக்விட் போன்ற சொற்களைச் சேர்த்தால் பெரும்பகுதி நின்றுவிடும். வேறு ஊரிலிருந்து அழைப்பு வந்தால் லொகேஷன் அமைப்பைப் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியில் ஆர்வம் உள்ள வெளியூர்க்காரர்களுக்கும் காட்டும்படிதான் அது முதலில் இருக்கும். அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

லீட் (விசாரிப்பவரின் விவரம்) விற்கும் தளங்களில் பணம் கட்டியிருந்தால், ஒரே விசாரிப்பு உங்களைப் போல நாலைந்து பேருக்குப் போகிறது என்பதை மறக்காதீர்கள். அங்கே முதலில் கூப்பிடுபவருக்கே வாய்ப்பு. நாள் முழுக்க வேலையில் கை நனைத்துக்கொண்டு மாலை ஆறு மணிக்குத் திருப்பிக் கூப்பிடுகிற ஆள் என்றால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

"செப்டிக் டேங்க்கும் பண்ணுவீங்களா?" என்று ஒரு கேள்வி அவ்வப்போது வரும். கூட வருமானம் என்று தலையாட்டிவிடாதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. கழிவுநீர் லாரிக்காரரின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், அதோடு சரி.

அறிகுறி 3: விலை சொன்னதும் காணாமல் போகிறார்கள்

இந்த உரையாடலைப் பாருங்கள்.

"டூ பெட்ரூம் வீடு கிளீன் பண்ண எவ்வளவு?"
"நாலாயிரத்து ஐந்நூறு ஆகும் மேடம்."
"சரிங்க, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

அவர் சொல்ல மாட்டார். விலை அதிகம் என்று நினைத்து நீங்கள் அடுத்த ஆளிடம் மூவாயிரத்து ஐந்நூறு என்பீர்கள், அவரும் சொல்ல மாட்டார். காரணம், அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் மனதில் ஓடும் கணக்கு ஒன்றே: எங்க வீட்டு அக்காவுக்கு மாசம் முழுக்கக் கொடுக்கிற காசைவிட அதிகமா இருக்கே!

விலையைச் சொல்வதற்கு முன் கேள்வி கேளுங்கள்.

"வீடு காலியா இருக்கா மேடம், சாமானோட இருக்கா?"
"குடியிருக்கோம்ங்க."
"பாத்ரூம் எத்தனை? போர் தண்ணியா, மெட்ரோ வாட்டரா?"
"ரெண்டு. போர்தான், டைல்ஸ் எல்லாம் வெள்ளையா படிஞ்சு கிடக்கு."
"கிச்சன்ல சிம்னி இருக்கா? ஏதாவது விசேஷத்துக்காகப் பண்றீங்களா?"
"ஆமா, அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்க."

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வேலை எவ்வளவு, எந்த நாளுக்குள் முடிய வேண்டும், எந்த அறையை அவர் முக்கியமாக நினைக்கிறார். வாட்ஸ்அப்பில் பாத்ரூம், சமையலறைப் படங்களை அனுப்பச் சொல்லிவிட்டு, கால் மணி நேரத்தில் எழுத்தில் பதில் கொடுங்கள். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி நேரம், என்னென்ன அடங்கும், என்னென்ன அடங்காது. அடங்காதவற்றை எழுதுவதற்குப் பலரும் தயங்குகிறார்கள். ஆனால் "பாத்திரங்களை எடுத்து வைப்பது, சுவர் கழுவுவது, சோபா ஷாம்பு இதில் சேராது" என்ற வரிதான் உங்களைத் தொழில் தெரிந்த ஆளாகக் காட்டும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்பதா, பெட்ரூம் கணக்கா? காலி வீட்டுக்கும் கட்டுமானம் முடிந்த வீட்டுக்கும் சதுர அடிக் கணக்கு சரிவரும். குடியிருக்கும் வீட்டுக்கு வராது, ஏனெனில் அங்கே நேரத்தைத் தின்பது பரப்பளவு இல்லை, சாமான். இருபது வருடச் சாமான் உள்ள 700 சதுர அடி வீடு, காலியாக இருக்கும் 1500 சதுர அடி வீட்டைவிட அதிக நேரம் பிடிக்கும்.

குறைப்பதற்கு முன் உங்கள் அடக்கவிலையும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று பேர், ஆளுக்கு 900 கூலி என்று வைத்துக்கொண்டால் 2700. வண்டிக்கு 400, கெமிக்கலுக்கும் துணிக்கும் 250. மொத்தம் 3350. பேரம் பேசி 3500-க்கு ஒப்புக்கொண்டால் மிச்சம் 150 ரூபாய், மெஷின் தேய்மானத்துக்கே காணாது. அதனால் விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைத்துக் கொடுங்கள்: "வீடு முழுக்க வேண்டாம்னா, ரெண்டு பாத்ரூமும் கிச்சனும் மட்டும் பண்ணித் தரோம் மேடம், 2200 ஆகும்." ஆட்கள் இருவராவார்கள், அரை நாளில் முடிந்து மதியம் இன்னொரு வீட்டுக்குப் போகலாம். புதுக் கஸ்டமர் பலர் இந்தச் சின்ன வேலையைக் கொடுத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை, பொதுவாக, பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு தொகையைச் சேர்க்கக் கூடாது. சேர்த்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அறிகுறி 4: புக் செய்துவிட்டு முதல்நாள் ரத்து செய்கிறார்கள்

முன்பணம் வாங்கவில்லை என்றால் முதல் காரணம் அதுதான். யுபிஐயில் 500 ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். தருபவர் ரத்து செய்வது அபூர்வம்.

முன்பணம் கொடுத்தவரும் ரத்து செய்தால் காரணம் பெரும்பாலும் பயம். பகல் நேரத்தில் ஒரு பெண்ணோ வயதான தம்பதியோ தனியாக இருக்கும் வீட்டுக்கு, முன்பின் தெரியாத மூன்று ஆண்கள் வரப்போகிறார்கள். புக் செய்யும்போது தோன்றாத யோசனை முந்தைய நாள் இரவு தோன்றும். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். வருபவர்களின் படமும் பெயரும் முந்தைய நாள் மாலையே போகட்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது, அதைச் செய்து வைத்துக்கொண்டு கேட்பவருக்குக் காட்டுங்கள். பீரோ, நகை, பணத்தைப் பூட்டி வைக்கச் சொல்லி நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அவர் சொல்லக் கூச்சப்படுவதை நீங்கள் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

மூன்றாவது காரணம் கேட். செக்யூரிட்டி ஆப்பில் அனுமதி கேட்கும், அசோசியேஷன் மதியம் மெஷின் ஓட்டக் கூடாது என்று வைத்திருக்கும், சர்வீஸ் லிஃப்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பார்கள். காலை ஒன்பது மணிக்கு உங்கள் ஆட்கள் கேட்டில் அரை மணி நேரம் நின்றால், உள்ளே இருப்பவர் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போய்விடுவார், வேலையும் தள்ளிப்போய்விடும். முந்தைய நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அறிகுறி 5: வேலை நன்றாக முடிகிறது, மறுபடி அழைப்பதில்லை

இதற்கு முதலில் ஒரு சமாதானம். டீப் கிளீனிங் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை செய்யும் வேலை. மூன்று மாதமாகக் கூப்பிடவில்லை என்பதால் கோபித்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை. ஆனால் அவர் மறுபடி நினைக்கும்போது உங்கள் நம்பர் கிடைக்க வேண்டுமே! வேலை முடிந்து கிளம்பும்போது நம்பரை சேவ் செய்யச் சொல்லுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உங்கள் எண்ணை சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே போகும், ஒரு பட்டியலில் 256 பேர்தான். சேவ் செய்யாதவருக்கு நீங்கள் அனுப்பும் தீபாவளி செய்தி எங்கும் போய்ச் சேராது.

அப்புறம் வேலையையே ஒருமுறை சந்தேகிக்க வேண்டும். உப்புக் கறைக்கு ஆட்கள் கடைசியில் ஆசிட்டை ஊற்றிவிடுகிறார்களா என்று பாருங்கள். அன்று பளிச்சென்று இருக்கும். சில வாரத்தில் குழாயின் குரோம் கறுக்கும், டைல் இடுக்கு உதிரும், மார்பிள் என்றால் பாலிஷ் அன்றே போய்விடும். கஸ்டமர் சண்டை போட மாட்டார், இன்னொரு கம்பெனியைக் கூப்பிடுவார். அதைவிட மோசம், ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடுவது. அதில் கிளம்பும் குளோரின் வாயு மூடிய பாத்ரூமில் ஆளையே சாய்க்கும். பாத்ரூமுக்கு ஆர்1, பொதுத் தரைக்கு ஆர்2, கண்ணாடிக்கு ஆர்3, கழிப்பறைக்கு ஆர்6 என்று டாஸ்கி பிராண்ட் கெமிக்கல் வகைகளை எண்ணோடு பிரித்துக்கொடுத்தால் புது ஆளும் குழம்ப மாட்டார். மார்பிள் வீட்டில் எதையும் முதலில் ஒரு மூலையில் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, முடிக்கும் விதம். ஆட்கள் மெஷினைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு கஸ்டமர் தனியாகச் சுற்றிப் பார்த்தால் அவர் கண்ணுக்கு விடுபட்டது மட்டுமே தெரியும். சூப்பர்வைசர் அவரைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போகட்டும். "இந்தக் கறை பழசு மேடம், இதுக்கு மேல தேய்ச்சா டைல் போயிடும்" என்று நேரில் சொன்னால் ஒப்புக்கொள்வார். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே என்ற வீடுகளில் பணம் கொடுப்பவர் அங்கே இருக்கிறார். அவருக்கு முன்பு, பின்பு என்று வீடியோ போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் "நல்லா பண்ணாங்கப்பா" என்பதைவிட அந்த வீடியோதான் அடுத்த வேலையைக் கொண்டுவரும்.

அறிகுறி 6: ஒரு மாதம் மூச்சு விட நேரமில்லை, அடுத்த மாதம் ஈ ஓட்டுகிறோம்

ஆடியில் வீடு மாற மாட்டார்கள், கிரகப்பிரவேசம் கிடையாது. காலி வீட்டு வேலையும் புது வீட்டு வேலையும் படுத்துவிடும். மார்கழியிலும் அப்படித்தான், ஆனால் கிறிஸ்துமஸும் போகியும் கை கொடுக்கும். கொலுவுக்கு முன், ஆயுத பூஜைக்கு முன், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் எல்லாம் உச்சம். கோடை விடுமுறையில் பள்ளி திறப்பதற்குள் வீடு மாறுபவர்களின் கூட்டம். இது தெரிந்த கணக்கு, ஆகவே ஆடியில் விளம்பரத்தைக் கூட்டிப் பயனில்லை. ஆடிக்கு சோபா ஷாம்பு, மெத்தை, சிம்னி, அலுவலகக் கார்ப்பெட் என்று பண்டிகையோடு தொடர்பில்லாத வேலைகளை முன்னால் வையுங்கள். பழைய கஸ்டமர்களுக்கு தீபாவளி புக்கிங்கை ஆவணியிலேயே திறந்துவிடுங்கள்.

தீபாவளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேலை உச்சத்தில் இருக்கும் அதே வாரத்தில் உங்கள் ஆட்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். யார் எந்தத் தேதி வரை இருப்பார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் புக்கிங் வாங்குங்கள்.

அறிகுறி 7: ஒற்றை நட்சத்திரம் விழுந்த பிறகு போன் நின்றுவிட்டது

பத்து விமர்சனம் மட்டுமே உள்ள கூகுள் புரொஃபைலில் ஒற்றை நட்சத்திர விமர்சனம் ஒன்று விழுந்தால் சராசரி சட்டென்று இறங்கும். அதைச் சரிக்கட்ட "ஐந்து நட்சத்திரம் போட்டால் 100 ரூபாய் தள்ளுபடி" என்று ஆரம்பிக்காதீர்கள். பரிசு கொடுத்து விமர்சனம் வாங்குவதை கூகுள் தடை செய்திருக்கிறது, கண்டுபிடித்தால் நல்ல விமர்சனங்களும் சேர்ந்து போகும். வேலை முடிந்து சுற்றிக்காட்டும் அந்த நேரத்திலேயே லிங்க்கை அனுப்பிக் கேளுங்கள், திருப்தியாக இருப்பவர் அப்போதே எழுதிவிடுவார்.

கெட்ட விமர்சனத்துக்குப் பதில் எழுதும்போது அதை எழுதியவரை மறந்துவிட்டு, நாளைக்குப் படிக்கப்போகும் புதுக் கஸ்டமரை நினைத்து எழுதுங்கள். நான்கு வரி போதும்: "வணக்கம் சார். பால்கனிக் கண்ணாடி சரியாக வரவில்லை என்று சொல்லியிருந்தீர்கள். சனிக்கிழமை ஆள் அனுப்பி மறுபடி செய்து தருகிறோம், கட்டணம் இல்லை. எந்த நேரம் வசதி என்று சொல்லுங்கள்." உங்களிடம் வேலையே வாங்காத ஆள் எழுதியது என்றால் புரொஃபைலிலிருந்தே புகார் கொடுக்கலாம். ஆனால் முடிவு வர நாளாகும், நீக்குவார்கள் என்ற உறுதியும் இல்லை. அதுவரை கீழே இப்படி ஒரு வரி இருக்கட்டும்: "இந்தப் பெயரில் எங்கள் பதிவில் புக்கிங் எதுவும் இல்லை. தேதியும் பகுதியும் சொன்னால் பார்த்துச் சொல்கிறோம்."